முறுக்கு பல்பின் பச்சைக் கோடு

என் பொன்னக்கா,

நாளைக் காலையில் உன் மடிக்கணினியை எடுத்துப் போக ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஆள் வருகிறார்கள். அது கல்லூரிக்குச் சொந்தமானதாம். அப்பாவும் அம்மாவும் தூங்கிவிட்டார்கள். அதிலேயே இதைத் தட்டச்சு செய்கிறேன். சத்தம் கேட்டுவிடாமல் ஒவ்வொரு எழுத்தையும் மெதுவாகத் தட்டுகிறேன்.

நிறமாலை ஆராய்ச்சிக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக நீ தமிழில் ஒரு பாடம் எழுதினாயே, நினைவிருக்கிறதா? விளக்கின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் படம் பிடிக்க ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி, குறுந்தகட்டுத் துண்டு, ஒரு வெப்கேமரா போதும். மீதியை இலவச மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்பாய். கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு வெற்றுக் கட்டம். அதன் கீழே எழுதியிருக்கிறாய்: “இங்கே என் தங்கச்சி எடுத்த படம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு முடிந்தால் யாருக்கும் முடியும்.”

அதற்குள் காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது.

படம் எடுக்கும் முறையை எனக்காகவே காணொளியாகப் பதிந்து வைத்திருந்தாய். அடக்கம் முடிந்த பிறகு ஒரு நாள் அதைத் திறந்தேன். உன் குரலைக் கேட்டு அம்மா மயங்கி விழுந்தாள். “இனி அதத் தொறக்கப்பிடாது மக்கா” என்று அப்பா சொல்லிவிட்டார். கருங்கல் சந்தைக்கு மீன் கொண்டுபோவதையும் அம்மா விட்டுவிட்டாள், எந்நேரமும் வீட்டில்தான். அதனால் இன்று சாயங்காலம் சத்தத்தை அடைத்துவிட்டு, உன் கைகளை மட்டும் பார்த்துச் செய்தேன்.

காணொளியில் நீ பெட்டியை விளக்குக்கு நேரே பிடித்தால் திரையில் ஒல்லியான கோடுகள் குத்திட்டு நிற்கின்றன. நான் பிடித்தால் ஒரு சின்ன மேடு, பக்கத்தில் பெரிய மேடு. திரும்பத் திரும்ப அதேதான். உன் மென்பொருளைக் கெடுத்துவிட்டேனோ? கணினியைப் போர்வைக்குள் வைத்துச் சத்தத்தைக் கொஞ்சம் திறந்தேன்.

“ஏட்டி, முறுக்கு பல்புதான் வேணும், அந்தப் பழைய சி.எஃப்.எல்., கேட்டியா? அதுக்குள்ள பாதரசம் இருக்கு. அதுக்க பச்சைக் கோடு எங்க நிக்கும்னு நமக்குத் தெரியும். அத வச்சுத்தான் மென்பொருளுக்கு அளவு சொல்லிக் குடுக்கணும். எல்.இ.டி. பல்பத் தூக்கிட்டு வந்துராத!”

நிமிர்ந்து பார்த்தேன். நம் முன்னறையில் எரிந்தது எல்.இ.டி. உன்னைக் கிடத்தியிருந்த அன்று, “பிள்ளைக்க முகம் எல்லாருக்கும் நல்லா தெரியட்டு” என்று அப்பா வாங்கி மாட்டியது.

அழுகையில் சத்தத்தை அடைக்க மறந்துவிட்டேன். காணொளியின் கடைசியில் அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல்: “ஏட்டி, சோறு ஆறுது, வாறியா இல்லியா?”

“இந்தா வாறேம்மா, ஒரு நிமிசம்” என்கிறாய் நீ.

போர்வையை விலக்கினால் அம்மா நிற்கிறாள். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“வாறேன்னு சொன்னாளே,” என்றாள். “வாறேன்னுதான சொன்னா?”

ஆமாம் என்று தலையாட்டினேன் அக்கா.

என் பக்கத்தில் உட்கார்ந்து, “அவ என்ன பல்பு கேக்கா?” என்றாள். சொன்னேன். வலைக் கொட்டகையில் அப்பா மாட்டியிருந்த பழைய பல்பைக் கழற்றிக்கொண்டு வந்து அவளே முன்னறையில் மாட்டினாள். கோடுகள் வந்தன. பச்சைக் கோட்டை விரலால் தொட்டாள்.

“இதுக்கா சோறு திங்காம இருந்தா?”

உன் பாடத்தின் வெற்றுக் கட்டத்தில் இப்போது படம் இருக்கிறது அக்கா. உன் குரலை அப்பாவின் போனில் ஏற்றிவிட்டேன். அவரிடம் சொல்லத்தான் பயம்.

நானும் இயற்பியல்தான் படிப்பேன். ஆனால் அம்மா சோறு ஆறுது என்று கூப்பிட்டால், கோடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், உடனே எழுந்து போவேன்.

படம் எடுத்த,
உன் தங்கச்சி