நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள வீடு

கும்மிடிப்பூண்டி
மாசி மாதம், 1978

சிரஞ்சீவி குப்புராஜுக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். நீயும் அந்த பிலாய் வெயிலில் தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் வந்தது. பார்த்த வீட்டில் ஒன்றை முடித்துவிடுங்கள், அம்மா எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று எனக்குத் தனியாக ஒரு வரி எழுதியிருந்தாய். அப்படி எழுதும்படி உனக்குச் சொல்லிக் கொடுத்தது உன் நைனாதான் என்று எனக்குத் தெரியும், நான் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. குறை கண்டுபிடிக்கிறேன்தான். ஏன் என்று எழுதுகிறேன், ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில் படிக்காமல் உட்கார்ந்து படி.

நம்ம நிலத்தைக் கம்பெனிகள் கட்டுவதற்கு எடுத்துக்கொண்டதைப் போன கடிதத்தில் எழுதினேன். இப்போது வீட்டையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள், பங்குனி பிறந்ததும் இடிக்க வருவார்களாம். வடக்கே இருந்த தாங்கல் ஏரியைப் புல்டோசர் வைத்து மூடியாகிவிட்டது. தவளைச் சத்தம் நின்றதை வைத்துத்தான் எனக்கே தெரிந்தது. மாடுகளை விற்றுவிட்டோம். உன் நைனா விடிந்ததும் பழக்கத்தில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார், கம்பி வேலி வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறார். அங்கே காவலுக்கு இருக்கிற ஆள் எந்த ஊரோ என்னவோ, "இன்னா பெரியவரே, தெனம் வந்து பேஜாரு பண்றே, உள்ள இன்னா வெச்சிருக்கே" என்று கேட்டானாம். அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிக்கிறபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டே ஊம் போட்டேன்.

வீடு காட்டுகிறவர் புதுவாயல் சுப்பிரமணி. உனக்கு ஞாபகம் இருக்கும், மாட்டுத் தரகு பார்த்தவர். இந்தப் பக்கம் மாடு வாங்க ஆள் இல்லாமல் போனதும் வீட்டுத் தரகுக்கு வந்துவிட்டார். வீட்டையும் மாட்டைப் போலவே சுற்றி வந்து காட்டுகிறார், சுவரை முதுகில் தட்டுவது போலத் தட்டுகிறார், பல்லைப் பிடித்துக் காட்டாதது ஒன்றுதான் பாக்கி. முதலில் மீஞ்சூரில் ரங்கூனிலிருந்து திரும்பி வந்த ஒருத்தர் கட்டின மாடி வீடு. அந்த மாதிரி வீட்டுக்குள் நான் கால் வைத்ததே இல்லை. வளைந்து வளைந்து ஏறுகிற தேக்குப் படிக்கட்டு, மேலே ஜன்னலுக்குச் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி. உன் நைனா தன் கைமேல் விழுந்த சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார், நிலம் போன பிறகு அவர் ஒரு பொருளை ஆசையாகப் பார்த்தது அன்றைக்குத்தான். நான் நேராகக் கொல்லைக்குப் போய் ஒரு வாளி சேந்தி வாயில் விட்டேன். வாயில் வைக்க முடியவில்லை, அத்தனை உப்பு. முன்னே நல்ல தண்ணீராகத்தான் இருந்தது, சுற்றிலும் பெரிய பெரிய பம்பு போட்டு இறைக்க ஆரம்பித்த பிறகு கடல் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது என்று வீட்டுக்காரர் மறைக்காமல் சொன்னார். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதையெல்லாம் சமாளிக்கலாம், எனக்குக் கவலை அது இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் நைனா அந்தக் கண்ணாடியை இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் படி இறங்கி வந்தார்.

அடுத்தது வேப்பம்பட்டு. ரயில் மாறிப் போய்ப் பார்த்தோம். ரயில்வே கார்டாக இருந்தவர் கட்டின வீடு, அவர் போய்விட்டார், சம்சாரம் விக்டோரியா அம்மாள் விற்கிறார்கள். வீடே ரயில் பெட்டி மாதிரி இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக அறை, ஜன்னலுக்கு மேலும் கீழும் இழுக்கிற மரக்கதவு, ரயில் வரும்போது அலமாரியில் பீங்கான் எல்லாம் பேசுகிறது. ரோஜாத் தோட்டம் வேறு. அந்த அம்மாள் எங்களுக்கு டீயும் கேக்கும் கொடுத்து, இந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் வாங்கினால் போதும் என்றார்கள். தங்கமான மனுஷி. ஆனால் கிணறு இல்லை, கையால் அடிக்கிற பம்புதான். தண்ணீர் தித்திப்பாக இருந்தது. அந்தப் பம்பின் பக்கத்தில் நின்று, இந்தக் குழாய்க்குள் குனிந்து ஒருத்தியை எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்தேன். சுப்பிரமணிக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா நீ, ஊடு பாக்க வந்தியா கெணறு பாக்க வந்தியா" என்றார். கெணறு பாக்கத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். புரியாவிட்டால் சொல்கிறேன், தூரத்தில் இருக்கிறவனுக்கு இங்கத்திப் பழக்கம் மறந்திருக்கும். கல்யாணம் ஆகாமலே செத்துப்போன பெண்ணை வீட்டைவிட்டு அனுப்புவதில்லை, பூவாடைக்காரியாக வைத்துக்கொள்கிறோம். உன் தங்கை செண்பகம் காமாலையில் போன அடுத்த வருஷமே பம்பை அடித்துப் பாடிச் செத்தவர்களைக் கூப்பிடுகிற பம்பைக்காரரை வைத்து நம்ம கிணற்றடியில் அவளை அழைத்தோம். கரகத்தில் ஏற்றிக்கொண்டு வந்து உள் அறை மூலையில் வைத்தோம், பாவாடையும் வளையலும் பூவும் வைத்துப் படைத்தோம். வருஷா வருஷம் அந்தக் கிணற்றிலிருந்துதான் வருகிறாள், படையல் முடிந்ததும் அங்கேதான் போகிறாள். நம்ம கிணற்றையும் தாங்கலைப் போல மண் போட்டு மூடப் போகிறார்கள் என்றால் அவள் எங்கே போவாள் சொல்லு. நாங்கள் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்குப் போய்விடலாம், அவள் மேல் கம்பெனி எழும்பும். பழைய கிணற்றில் அழைத்து, கரகத்துத் தண்ணீரைப் புது வீட்டுக் கிணற்றில் விட்டால் கூட வந்துவிடுவாள் என்று பம்பைக்காரர் சொல்லியிருக்கிறார். உப்புத் தண்ணீரில் அவளை விட மாட்டேன். உயிரோடு இருந்தபோதே ரசத்தில் ஒரு கல் உப்பு கூடினால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவள்.

மூன்றாவது வீடு புதுவாயலில், கல்கத்தா ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது, லாரிச் சத்தம் எட்டாது. அரசப்பன் என்று ஒருத்தர் வீடு. வாசலில் அரைவட்டமாக வராந்தா, தரை முழுக்க மொசைக், கொல்லையில் தென்னை. கிணறோ படி இறங்கிப் போகிற கல் கட்டடக் கிணறு. தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன், இளநீர்தான். உன் நைனா என் முகத்தைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன், சுப்பிரமணி பெருமூச்சு விட்டார். இத்தனை நல்ல வீட்டை ஏன் இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று எனக்குள் ஒரு உறுத்தல். கொல்லைப் பக்கம் ஒரு அறை பூட்டிக் கிடந்தது. என்ன என்று கேட்டேன். வைக்கோல் அடைத்து வைத்திருக்கிறோம் என்றார் அரசப்பன். வைக்கோல் அறை வாசற்படிக்கு யாரப்பா மஞ்சள் பூசுவார்கள்? நிலையில் அன்றைக்கு வைத்த கதம்பம் வாடக்கூட இல்லை. திறங்கள் என்றேன். அவர் சம்சாரம் கன்னியம்மா சாவியைக் கொண்டு வந்து திறந்தாள். உள்ளே மூலையில் மஞ்சள் பூசின செங்கல், சின்னப் பாவாடை, சிவப்பு ரிப்பன். அவர்கள் மகள் அலமேலு, தென்னைக்குத் தண்ணீர் கட்டும்போது பாம்பு கடித்துப் போனவளாம். மெட்ராஸில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போகிறார்கள், இவளை வீட்டோடு சேர்த்து விட்டுவிட்டுப் போகிறார்கள். அதுதான் மலிவு. சுப்பிரமணிக்கும் முன்பே தெரியும்.

உன் நைனா கையைப் பிடித்து இழுத்தும் நான் நிற்கவில்லை. "பெத்த பொண்ண ஊட்டோட சேத்து விக்கிறியே, நீ ஒரு பொம்பளையா" என்று கத்திவிட்டேன். அக்கம்பக்கம் எல்லாம் வந்து நின்றது. கன்னியம்மா சண்டைக்கு வரவில்லை. "மாடி போர்ஷனு அம்மா, கெணறு கெடையாது, செத்தவங்கள கூட்டிக்கினு வராதீங்கன்னு மருமவ சொல்லிட்டா. கொழாய்ல கூப்ட்டா வருவாளாம்மா? நீயே சொல்லு" என்றாள். நான் வேப்பம்பட்டுப் பம்பின் பக்கத்தில் நின்று நினைத்ததையே அவள் வாயால் கேட்டேன். பஸ்ஸில் வரும்போது உன் நைனா, இது சரிப்படாது, அடுத்தவர் வீட்டுப் பூவாடை நமக்கு எதற்கு, நம்ம பெண்ணுக்கே அங்கே இடம் கொடுப்பாளோ மாட்டாளோ என்றார். சரிதான் என்றேன். வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன், சாப்பிட முடியவில்லை. அந்தச் சிவப்பு ரிப்பனே கண்ணில் நின்றது. வாங்க வருகிறவர்கள் எல்லாம் என்னைப் போலக் கேட்பார்களா? எவனாவது ஒரு லாரிக்காரன் வாங்கி அந்த அறையில் டயர் போட்டு வைப்பான். மறுநாள் நான் தனியாகவே போய் வீடு எங்களுக்குத்தான் என்று கன்னியம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். உன் மகளுக்கும் சேர்த்து விளக்கு வைக்கிறேன், ஆடிக்கு ஆடி நீயும் வந்து பார்த்துக்கொள் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையை இங்கே எழுத முடியாது. உன் நைனா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு தானே போய்ப் புதுவாயல் கிணற்றில் விழுந்து கிடந்த தென்னை மட்டையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு வந்தார். நான் ஏன் போனீர்கள் என்று கேட்கவில்லை.

வீட்டுக் கதை முடிந்தது, உன் கதைக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை செண்பகத்திடம் உத்தரவு கேட்கப் பம்பைக்காரரை அழைத்தோம். புது வீட்டுக்கு வருகிறாயா என்று கிணற்றடியில் பாடிப் பாடிக் கேட்டார். கடைசியில் உன் அத்தை செல்வி மேல் வந்தாள். "எங்கண்ணன் எங்க? அண்ணன் வந்து கூப்ட்டாத்தான் வருவேன், இல்லாங்காட்டி இங்கியே கெடக்கறேன், மண்ணு போட்டுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அத்தை கீழே விழுந்துவிட்டாள். உன் அத்தைக்கு அருள் வருவதில் நான் பாதிக்குமேல் நம்புகிறவள் இல்லை, அது உனக்கும் தெரியும். செல்வி சொன்னாளோ செண்பகம் சொன்னாளோ எனக்குத் தெரியாது. யார் சொன்னாலும் சொன்னது நியாயம். அவள் போனபோது தந்தி உனக்குத் தாமதமாகக் கிடைத்தது, எல்லாம் முடிந்த பிறகு வந்து எதைப் பார்ப்பது என்று நீ வரவில்லை. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு பொங்கலுக்குக்கூட வரவில்லையே, அதைச் சொல்கிறேன். லீவு கிடைக்கவில்லை என்று எழுதுகிறாய். உன்னோடு வேலை செய்கிற ஊத்துக்கோட்டைப் பையன் வருஷத்துக்கு இரண்டு தரம் வந்து போகிறான். அந்தக் கிணற்றையும் அந்த மூலையையும் பார்க்க உனக்குப் பயம், எனக்குத் தெரியாதா? நானும் தினம் அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் சேந்துகிறேன். ஒவ்வொரு வாளிக்கும் எனக்கும் பயம்தான், அப்படியே சேந்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீ வா. பங்குனி பிறப்பதற்குள் வா. பிறகு வந்தால் உனக்குக் காட்ட அங்கே மண்தான் இருக்கும், எந்த இடத்தில் நின்று கூப்பிடுவது என்று எனக்கே தெரியாது. வந்து ஒரு தரம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடு, பம்பைக்காரர் மீதியைப் பார்த்துக்கொள்வார். உன்னால் கூப்பிட முடியாமல் அழுதாலும் பரவாயில்லை, அழுகையும் அவளுக்குக் கேட்கும். நீ வராவிட்டாலும் நாங்கள் புதுவாயலுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் அடுத்தவள் பெண்ணுக்கு விளக்கு வைத்துக்கொண்டு என் பெண்ணை மண்ணுக்கடியில் விட்டுவிட்டு வந்தேன் என்று நான் இருக்கிற வரைக்கும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும், அதை மட்டும் எனக்கு வைத்துவிடாதே.

ரயிலில் கதவோரம் உட்காராதே. விஜயவாடாவில் விற்கிற சோற்றை வாங்கித் தின்னாதே, கையில் ரொட்டி வைத்துக்கொள். எழுத்தைப் புழு மாதிரி நெளிய நெளிய எழுதுகிறாய், டாக்டரிடம் கண்ணைக் காட்டு. நீ சகல சௌக்கியத்தோடும் நீண்ட ஆயுளோடும் இருக்க உன் நைனாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்று மறந்துவிடாதே. செண்பகம் கேட்டாள் என்று ஒரு பூப்போட்ட நைலான் தாவணி வாங்கி வைத்திருக்கிறேன், பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன் என்று அப்போது எழுதியிருந்தாய். அது இன்னும் உன் பெட்டியில்தான் இருக்கும், நீ தூக்கிப் போட்டிருக்க மாட்டாய். அதைக் கொண்டு வா. வரும்போது அலமேலுவுக்கும் ஒன்று வாங்கிக்கொள். அதே நிறத்தில் வாங்கு, இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் சண்டை வரும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
பூ. ஜானகியம்மாள்