கரையில் ஏறிய ராக்கெட்டு

21-8-1969, இரவு

நிலாவில் மனுஷன் இறங்கிய குஷியில், கல்யாணப் புடவைக் கரையில் கோபுரத்துக்குப் பதிலாக வரிசையாய் ராக்கெட்டு நெய்துவிட்டேன். "இதை நிலாவுல போய்த்தான் விக்கணும்" என்று வீட்டுக்காரி தினமும் திட்டிக்கொண்டிருந்தாள்.

இன்று ஐயம்பேட்டை அம்மா ஒருத்தி மகளோடு புடவை எடுக்க வந்தாள். கரையைப் பார்த்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கோபுரம் எவ்ளோ லட்சணமா இருக்குதுபா!"

"கொஞ்சம் ஒல்லிதாம்மா" என்றேன். கூட்டம் போட்டுப் பகுத்தறிவு பேசுகிற என் வாய், வியாபாரம் என்றதும் தறிக்குழிக்குள் ஒளிந்துகொண்டது.

கல்யாணப்பெண் காலேஜில் படிக்கிறவள். புடவையை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது காதோரம் சொன்னாள்: "ராக்கெட்டுதானே? அம்மாகிட்ட சொல்லிடாதீங்கண்ணே."

கண்ணை மூடினால், என் ராக்கெட்டுகளைக் கட்டிக்கொண்டு அவள் அக்கினியை வலம் வருகிறாள். கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்க்கிறேன். சரியாகத் தெரியவில்லை.