தடித்ததில் பதினெட்டு மஞ்சள்

ரோஷக்காரத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ கோபித்துக்கொண்டு போய் இரண்டு மாதம் ஆகிறது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மாடியேறி வந்து உன் அறையைப் பெருக்குகிறாள், வேண்டாமென்றால் கேட்பதில்லை. நேரில் பார்த்தால் நீ ஒன்று சொல்ல, நான் ஒன்பது சொல்வேன். அதனால்தான் கடிதம்.

முதலில் தொழில். பதிப்பகத்தார் நம் எழுத்துருவை விட்டுவிடவில்லை. இன்னும் நான்கு பாடப்புத்தகங்களுக்கு அதுவே வேண்டுமாம். வளைவு போட உட்கார்ந்தால் என்னை மிஞ்ச ஆளில்லை என்று உனக்கே தெரியும்.

போன வாரம் மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஐந்து பாணியையும் ஒரே திரையில் அருகருகே திறந்தேன். நீ தலைபாடாக அடித்துக்கொண்ட அதே முறைதான். ஒன்றில் 'க்' எழுத்தைத் தொட்டால் ஐந்திலும் அதுவே வந்து நிற்கிறது. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து மூடி நான் வீணாக்கிய நாள்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

திரையில் நான் திருத்திய எழுத்தின் கட்டத்துக்கு மஞ்சள், நீ திருத்தியதற்குப் பச்சை என்று வைத்திருக்கிறோமே, நான்கு பாணிகளில் புள்ளியெழுத்து பதினெட்டுக்கும் நிறமே இல்லை. தடித்ததில் மட்டும் பதினெட்டும் மஞ்சள். நீ ஒரே ஒரு புள்ளியை வரைந்து எல்லாவற்றிலும் இணைத்திருந்தாய், அதை மாற்றினால் எல்லாம் மாறும். தடித்ததில் 'ங்' எழுத்துக்குப் புள்ளி சரியாக உட்காரவில்லை என்று, அவசரத்தில் அந்த இணைப்பை நான்தான் பதினெட்டிலும் அறுத்திருக்கிறேன். பிறகு நீ புள்ளியை மேலே தூக்கியது தடித்ததற்கு மட்டும் போய்ச் சேரவில்லை. ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தின் தலைப்புகளில் புள்ளி எழுத்தின் தலையில் ஒட்டிக்கொண்டது அதனால்தான்.

அன்று பதிப்பகத்தார் அந்தப் புத்தகத்தை விரித்துக் காட்டியபோது, அவர் முன்னாலேயே, "தடிச்சது இவன் பொறுப்பு, இவனுக்கு எதுலயும் கவனம் கிடையாது" என்று சொன்னேன். அப்போதே பையை எடுத்துக்கொண்டு போனவன், இப்போது வேறு ஊரில் யாருக்கோ விளம்பரப் பலகை வரைகிறாய்.

என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அடுத்தவங்க தப்புன்னா உனக்குப் பூதக்கண்ணாடி, உன் தப்புன்னா கண்ணே தெரியாது" என்றார். வாங்கிக் கட்டிக்கொண்டேன். நேற்று பதிப்பகத்துக்கே போய், அவருடைய ஆட்கள் நாலு பேர் இருக்கும்போது, "தப்பு என்னோடது, தம்பி மேல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டேன். காதெல்லாம் சுட்டது. ஆனாலும் சொன்னேன்.

பதினெட்டு இணைப்பும் திரும்பப் போட்டாயிற்று. இனி சாய்வெழுத்திலும் ஐந்து பாணி கேட்கிறார். என்னால் தனியாக முடியும். முடியாமல் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிடாதே. தனியாகச் செய்யப் பிடிக்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டு நீ பார்த்ததில்லை, நானும் கேட்டுப் பழகியதில்லை. என்னை மன்னித்துவிடுடா. எங்கிருந்தாலும் நீ நன்றாயிருக்க வேண்டும். கோபம் ஆறவில்லை என்றால் பதிப்பகத்தார் முன்னாலேயே என்னை நிற்கவைத்துத் திட்டு. அதற்காகவாவது வந்துவிடு.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அக்கா