லோர்னாவின் ஆப்பிள் ஃப்ரிட்டர்

டுலூத்
3 அக்டோபர் 1979

அன்புள்ள லோர்னா,

இரண்டு வருஷமாகக் கிறிஸ்துமஸ் அட்டைக்கு மேல் எழுதாதவன் கடிதம் போட்டால் பயந்துவிடுவாய். விஷயம் நல்லதுதான். நம் பெண் கொரீன் இருபத்தெட்டாம் தேதி, ஞாயிறன்று, என்னைப் பார்க்க வருகிறாள். நான் ஏரிக் கப்பல் வேலைக்கென்று வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து என்னோடு பேசாதவள்.

ஞாயிறு காலைகளில் நீ தட்டு நிறைய வைப்பாயே, எண்ணெயில் பொரித்துப் பாகு பூசிய ஆப்பிள் ஃப்ரிட்டர், அதை அவளுக்குச் செய்து தர ஆசை. நேற்றே முயன்றேன். வெளியே கரி, உள்ளே கூழ். கீழ்வீட்டு ஆஸ்கர் புகை மணம் பிடித்து மேலே ஏறி வந்து, "என்னய்யா, செருப்பைப் பொரிக்கிறியா?" என்று கேட்டார்.

எப்படிச் செய்வதென்று எழுதுவாயா?

மெரில்

ஆல்டர் க்ரீக்
11 அக்டோபர் 1979

மெரில்,

நலம். நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

பதில் எழுத நாலைந்து நாள் தாமதமாகிவிட்டது, காரணம் கேட்காதே. புளிப்பான, கெட்டியான ஆப்பிளாக வாங்கு. பொடியாக நறுக்கி, வெண்ணெயில் பட்டைத்தூளோடு வதக்கி, நன்றாக ஆறவிடு. ஈஸ்ட் போட்ட மைதா மாவு உப்பியதும் ஆப்பிளை அதில் வைத்து மடித்து, கத்தியால் தாறுமாறாகக் கொத்து. பிறகு கையால் சேர்த்துப் பிடித்து மறுபடி உப்பவிடு. எண்ணெயில் பொரிக்கும்போது அடுப்பைத் தணித்து வை. உனக்குத் தெரிந்த ஒரே தீ முழுத் தீதான். பொடித்த சர்க்கரையைப் பாலில் குழைத்து, சூடாக இருக்கும்போதே பூசு.

கொரீன் கோபமாகத்தான் வருவாள். எதிர்த்துப் பேசாதே.

லோர்னா

டுலூத்
18 அக்டோபர் 1979

அன்புள்ள லோர்னா,

நான்காவது தடவை வெந்துவிட்டது! பாகு மட்டும் வழிந்து தட்டில் குளமாக நிற்கிறது. ஆஸ்கர் ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். மாவு உப்பக் காத்திருந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஞாயிறுதோறும் நீ விடியுமுன் எழுந்து இவ்வளவையும் செய்திருக்கிறாய். நான் ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. வெட்கமாக இருக்கிறது.

உன் மெரில்

டுலூத்
29 அக்டோபர் 1979

அன்புள்ள லோர்னா,

வந்தாள். மேல்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். தட்டை வைத்தேன். ஒரு கடி கடித்து, "அம்மா குடுக்கறது மாதிரி இல்லையே" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. "இது அதைவிட நல்லாருக்குப்பா" என்று சொல்லி அடக்க முடியாமல் சிரித்தாள். ஏன் சிரிக்கிறாய் என்றால், உன்னையே கேட்கச் சொன்னாள்.

மூன்றாவதைச் சாப்பிடும்போது சிரிப்பு போய்விட்டது. "அன்னிக்கு ஏன்ப்பா திரும்பிக்கூடப் பாக்காமப் போன?" என்று கேட்டாள்.

"பாத்திருந்தா போயிருக்க மாட்டேன்மா."

கோட்டைக் கழற்றிவிட்டு, சாயங்காலம்வரை இருந்தாள்.

மெரில்

ஆல்டர் க்ரீக்
5 நவம்பர் 1979

அன்புள்ள மெரில்,

அவள் ஏன் சிரித்தாள் என்பதை நாற்காலியில் உட்கார்ந்து படி. நான் ஒரு ஃப்ரிட்டர்கூடச் செய்ததில்லை. எல்லாம் மூலைக்கடை பேக்கரியில் வாங்கியவை. கல்யாணமான புதிதில் "நீயே செஞ்சியா?" என்று வாயெல்லாம் பாகாகக் கேட்டாய். அந்த முகத்தைப் பார்த்து ஆமாம் என்றுவிட்டேன். அப்புறம் இறங்க வழியே இல்லை. பின்கதவு வழியாக ஓடி வாங்கி வந்து, பெட்டியைப் பக்கத்து வீட்டுக் குப்பையில் போடுவேன். ஒன்பது வயதில் கொரீன் கையும் களவுமாகப் பிடித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒன்று கூடுதல்.

உன் முதல் கடிதம் வந்ததும் பேக்கரிக்காரியிடம் கெஞ்சிச் செய்முறை கேட்டேன். நாலைந்து நாள் நானும் பொரித்துப் பார்த்தேன். எல்லாம் கரி. முழுத் தீ உனக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது.

நீ வெட்கப்பட்டதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. வெட்கத்தைப் பாதியாக்கிக்கொள்.

ஏரி உறைந்தால் கப்பல் ஓடாதாமே. அப்போது இங்கே வா. நீ பொரி. நான் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்கிறேன்.

உன் லோர்னா