பன் சாப்பிட்ட பிறகுதான்

செப். 16, செவ்வாய்

காலையிலிருந்து வறண்ட காற்று. பிள்ளை மடுவத்துக் கூரைத் தகரம் படபடவென்று அடிக்கிறது. தாய்மார் வேலைக்குப் போகும்போது என்னிடம் விட்டுப் போன பிள்ளைகள் பதினொரு பேர். இரண்டு பேருக்குச் சளி.

பதுளை டியூஷன் சேர் தந்த வேலை: பரீட்சை வரும் வரை நாளுக்கு ஒரு போலி, நியாயம் போலத் தெரியும் பிழையான வாதம், எழுத வேண்டும். புத்தகத்திலிருந்து எடுக்கக் கூடாது, வீட்டில், ரோட்டில், வேலையில் காதில் விழுந்ததாக இருக்க வேண்டும். போன தடவை அளவையியலில்தான் கோட்டை விட்டேன். இந்தத் தடவை விடக் கூடாது.

இன்றைக்கு, வேலை வாங்கும் கங்காணி, கொழுந்து பறிக்கும் லெட்சுமி அக்காவிடம்: "கொழுந்து நிறுக்கிறதுல பிழைன்னு நீ சொல்றியா? ஒன் புருஷன் குடிகாரன், நீ வாயை மூடு."
ஆ.போ. (ஆளைப் பிடிக்கும் போலி. சேர் வைத்த பெயர்.) தராசுக்கும் புருஷனுக்கும் என்ன சம்பந்தம்?

சோப்பு வாங்க வேண்டும். பால்மா பதிவு எழுத வேண்டும்.

செப். 17, புதன்

ஒன்றுக்குப் பதில் இரண்டு.

1. தண்ணீர்ப் பைப் அடியில், செல்வம் அண்ணன்: "போன வருசம் திருவிழாவ ஒழுங்கா செய்யல. அதான் இந்த வருசம் குளவி கொட்டுச்சு." மு.பி. (முன்னால் வந்தது, பின்னால் வந்ததற்குக் காரணம் என்பது.) நல்ல மனுசன், பாவம். தினமும் மகள் தர்ஷியைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் மடுவத்துக்கு வருவார். மூன்று வயது, ஒரே பிள்ளை.

2. எங்கள் அண்ணன்: "ஒண்ணு தோட்டத்துல ஒழுங்கா வேலை செய், இல்லாட்டி கொழும்புக்குப் போ. நடுவுல என்ன படிப்பு?" இரண்டே வழிதான் என்று காட்டுவது. அவனிடமே சொன்னேன். முறைத்தான். அவனுக்குச் சோறு போடாமல் எழுந்து போனேன்.

எல்லாரும் பேசுவது இப்போது வேறு மாதிரி கேட்கிறது. கண்ணாடி போட்டது போல. கொஞ்சம் கர்வமாகவும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

செப். 18, வியாழன்

எழுதக் கை வரவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலை வெயில். பிள்ளைகளை வெளியில் விட்டேன். படியில் உட்கார்ந்து நோட்ஸ்.

பத்து மணிக்கு நசீர் நானா. லுணுகலையிலிருந்து பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பன் ஆட்டோ. ராணி அக்கா, தர்ஷியின் அம்மா, காலையிலேயே சொல்லி வைத்திருந்தார், தர்ஷிக்கு ஒரு சீனி பன். இன்னும் நாலு பிள்ளைகளுக்கும் அப்படியே. நானா கொடுத்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டுக்குத் தர்ஷி வாந்தி. திரும்பவும் வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். வாய் உலர்ந்து, கண் சொருகி. தோட்ட லொறியில் லுணுகலை, அங்கிருந்து அம்புலன்சில் பதுளை. ராணி அக்கா கூடப் போனார்.

நாலு மணிக்கு மடுவத்து வாசலில் கூட்டம்.
"என்னா குடுத்த?"
"பெத்திருந்தா தெரியும். இவளுக்குப் புள்ளையா குட்டியா?"
"புஸ்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தா. நா கண்ணால பாத்தேன்." இது லெட்சுமி அக்கா.

செல்வம் அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் தாங்கவில்லை.

நான் சொன்னேன்: "நசீர் நானா பன் குடுத்தாரு. அதச் சாப்பிட்ட பெறகுதான் வாந்தி."

கூட்டம் என்னை விட்டுத் திரும்பியது. நான் செய்தது என்னவென்று அந்த நிமிசமே தெரிந்தது.

அதே பன்னை இன்னும் நாலு பேர் சாப்பிட்டார்கள். நாலு பேரும் அப்போது என் காலடியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதை நான் சொல்லவில்லை.

செப். 19, வெள்ளி

பத்து மணி. கீழே கோயில் வளைவில் ஆட்டோப் பாட்டுச் சத்தம். பிறகு பாட்டு பாதியில் நின்றது.

மடுவத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் வளைவு தெரியும். இருபது பேர் இருக்கும். முதல் அடி செல்வம் அண்ணன். "எம்புள்ளைக்கு என்னாடா குடுத்த?" நசீர் நானா கையைக் கூப்பிக்கொண்டு, "புள்ளைக்கு என்ன? என்ன ஆச்சு புள்ளைக்கு?" என்று திரும்பத் திரும்ப. யாரோ, "இவனுங்க ஆளுங்களே அப்புடித்தான், கெட்டுப் போனதத்தான் நம்ம தலையில கட்டுவானுங்க." இத்தனை வருசமாக அவரிடம்தான் எல்லாரும் வாங்கித் தின்றார்கள். ஆட்டோவைத் தள்ளித் தேயிலைக்குள் கவிழ்த்தார்கள். பன் எல்லாம் ரோட்டில். நானாவைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம்.

நான் இறங்கிப் போகவில்லை. பத்துப் பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். உண்மை என்பதால்தான் வசதியாக இருந்தது.

சாயந்தரம் ராணி அக்கா போன். தர்ஷிக்குப் பரவாயில்லை. கஞ்சி குடித்தாளாம்.

லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், பேச்சு: "பாத்தியா? அவனுக்கு அடி விழுந்த அன்னைக்கே புள்ள கண்ணத் தொறந்துருச்சு."

மு.பி. என்று எழுதி, அடித்துவிட்டேன்.

செப். 20, சனி

ராணி அக்கா உடுப்பு எடுக்க வந்தார். டொக்டர் சொன்னாராம்: வாந்தியில் விதைத் துண்டுகள். காட்டாமணக்கு. பன்னில் ஒன்றும் இல்லை. "எங்க லயத்துக்குப் பின்னாலயும் அந்த வேலி இருக்கு, மடுவத்துக்குப் பின்னாலயும் இருக்கு. எங்க தின்னான்னு தெரியல" என்றார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. களைத்துப் போயிருந்தார்.

அவர் போனதும் மடுவத்துப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வேலியடியில் ஒரு பால்மா டின் மூடி. அதில் கறுப்பு விதைகள், வரிசையாக அடுக்கி. பக்கத்தில் கடித்த தோல்.

நாலு வயது கவினிடம் கேட்டேன். "தர்ஷி பன் கடை போட்டா, மிஸ். அவளே வாங்கித் தின்னுட்டா."

"எப்ப?"

"நீங்க படிச்சீங்களே, அப்ப."

விதையை ஆற்றில் கொட்டினேன். மூடியைக் கழுவினேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன்: வேலி எல்லா இடத்திலும் இருக்கிறது. அவள் வீட்டிலும் தின்றிருக்கலாம். நாலு வயதுப் பிள்ளையின் சாட்சி போதாது. இங்கே விதை இருந்தது என்பதால் இங்கேதான் விஷம் ஏறியது என்று முடிவு கட்ட முடியாது. ஒரு ஓட்டை இல்லாத வாதம். சேர் பார்த்தால் முழுப் புள்ளி போடுவார்.

சாப்பிடவில்லை.

செப். 21, ஞாயிறு

வகுப்புக்கென்று பஸ் ஏறினேன். பதுளையில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

நசீர் நானாவுக்கு வலது கை மாவுக்கட்டு. முன்பல் இரண்டு இல்லை. மனைவி கட்டிலோரம். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா எழுந்து வெளியே போய்விட்டார்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "புள்ள எப்பிடி, தங்கச்சி?"

"நல்லா இருக்கு நானா. நாளைக்கோ நாளன்னைக்கோ வீட்டுக்கு அனுப்புவாங்க."

கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டு நாளா அதையேதான் யோசிச்சிட்டுக் கெடக்கேன். மா பழசா இருந்திச்சா, பல்லி கில்லி விழுந்திச்சா, தட்ட நான் மூடாம வச்சேனா எண்டு. வீட்டுல இருந்த மா மூட்டையெல்லாம் கொண்டு போய்க் கொட்டச் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டேன். விதை, வேலி, மூடி, நான் படித்துக்கொண்டிருந்தது, மற்ற நாலு பிள்ளைகள். எல்லாம்.

நானா கண்ணைத் திறந்தார். "அப்ப பன் இல்ல" என்றார். அழுதார். அந்தக் கையால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

பிறகு: "அந்த நாலு புள்ளைங்களையும் அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, தங்கச்சி."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோர சீட். வழியில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது.

செப். 22, திங்கள்

காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்க எல்லாரும் கூடும் நேரத்தில், சொன்னேன். முழுவதும் சொன்னேன். பொலிசிலும் சொல்வேன் என்றேன்.

கங்காணி: "அவன்கிட்ட என்னா வாங்குன?"
யாரோ: "நேத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. அவனப் பாக்கத்தான்."
"அவளுக்கும் அவனுக்கும் என்னமோ இருக்கு."
"மொத ஒண்ணு சொன்னா, இப்ப ஒண்ணு சொல்றா. எத நம்புறது?"

கடைசியாகக் கேட்டது நியாயமான கேள்வி.

செல்வம் அண்ணன் கூடையைக் கீழே வைத்தார். நடந்து போய்விட்டார்.

மத்தியானம் தோட்ட ஒஃபிஸிலிருந்து ஆள். நாளையிலிருந்து எனக்கு மடுவம் இல்லை. மலைக்கு, கொழுந்து பறிக்க.

மாலையில் ராணி அக்கா வந்தார். தர்ஷி தோளில் தூங்கிக்கொண்டு. உள்ளே வரவில்லை.

"பொலிசுக்குப் போறியாமே?"

"ஆமாக்கா."

"டொக்டர் சொன்னத நான் வெளிய யாருக்கும் சொல்லல. நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும். அப்ப எங்க வீட்டு மனுசன் ஒண்ணுந் தெரியாத ஒருத்தரோட கைய ஒடச்சவருன்னு ஆயிரும். அதோட இவரு எப்புடி இருப்பாரு? ரெண்டு நாளா சோறு தின்னல. பன்னாவே இருந்துட்டுப் போகட்டும், வசந்தி. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

இதற்கும் நோட்ஸில் ஒரு பெயர் இருக்கிறது. எழுத மனம் வரவில்லை. தர்ஷியின் கால் விரல் ராணி அக்கா சேலையில் மாட்டியிருந்தது. எடுத்து விட்டேன்.

செப். 23, செவ்வாய்

முதல் நாளே மலைக்குப் போகவில்லை. பொலிஸ். தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள். வயசானவர், பொறுமையாக எழுதினார்.

"அப்ப நீங்க வியாழக்கிழமை சொன்னது பொய்."

"இல்ல சேர். பன் சாப்பிட்டா. அதுக்குப் பெறகுதான் வாந்தி எடுத்தா. ரெண்டும் உண்மை."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பொய்யே சொல்லலைன்னா நான் என்னத்த எழுதுறது?"

"அதே பன்ன மத்த நாலு புள்ளைங்களும் சாப்பிட்டாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. அது எனக்கு அப்பவே தெரியும். என்னை அடிச்சிருவாங்கன்னு பயந்து சொல்லாம விட்டேன். அப்புடி எழுதுங்க."

எழுதினார். வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே பெஞ்சில் செல்வம் அண்ணன். யாரும் கூட்டி வரவில்லையாம், அடித்ததைச் சொல்ல அவரே வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை. என்னைப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போனார்.