பாவாவுக்கு வைக்கோல் டயர்

1946 பிப்ரவரி 1, வெள்ளி

காலையில் பனி. மலை தெரியவே இல்லை. கோயில் மணிச் சத்தம் மட்டும்.

அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா, ஆர்.கே.பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்தார். அக்காவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்தும் அவள் மாமியார் இங்கே அனுப்பவில்லை. "கட்ட வண்டியில தூக்கித் தூக்கிப் போட்டா இன்னா ஆவறது? காரு வந்தா அனுப்பறேன்" என்கிறாராம். மாசி பிறந்தால் எட்டாம் மாதம். அப்புறம் அனுப்பும் வழக்கமே இல்லை.

நைனா: "பஸ்ஸு?"

பாவா: "அதுல ஏறினா புள்ளய கையில வாங்கிகினுதான் எறங்கணும் மாமா."

எங்களிடம் கார் இருக்கிறது. என்னை விட மூத்தது. முன்பெல்லாம் நைனா அதில்தான் ஸ்டேஷனிலிருந்து யாத்திரிகர்களை ஏற்றி வருவார். இப்போது செங்கல் மேல் நிற்கிறது. நாலு டயரும் தேய்ந்துவிட்டன. புது டயருக்குப் பர்மிட் வேண்டும், கிடைக்காது. காரணம்: ரப்பர் மலேயாவில், மலேயா ஜப்பான்காரனிடம் இருந்தது. (பூகோளப் பரீட்சையில் வந்தால் நன்றாக எழுதுவேன்.)

அம்மா: "புதன்கிழமைய விட்டா நல்ல நாள் இல்ல. என் பொண்ணு அங்கயே பெக்கணுமா?" அழுகை.

எனக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பிப். 2, சனி

நைனாவோடு அரக்கோணம். ரயிலில் ஜன்னல் ஓரம் எனக்கு!

ஸ்டேஷனுக்குப் பின்னால் பழைய டயர்க் கடை. எங்கள் அளவில் (4.50–19, படித்துச் சொன்னது நான்) இரண்டு வகை. பளபளவென்று கருப்பாக நாலு. சாம்பல் நிறத்தில், ஒட்டடையோடு மூன்று. யாரோ ஒரு துரை யுத்தம் முழுக்கப் பூட்டி வைத்திருந்த காரில் கழற்றியவை.

நைனாவுக்குக் கருப்பின் மேல் ஆசை. பேச்சு நீண்டது. கால் வலி. கருப்பு டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். எழுந்தால் மஞ்சள் பாவாடையில் பெரிய கருப்பு வட்டம்!

கடைக்காரர்: "கரியும் வெளக்கெண்ணயும்தான் பாப்பா. ஒரு அழகுக்கு."

நைனா துண்டால் துடைத்துப் பார்த்தார். உள்ளே சுத்த வழுக்கை. "இன்னாங்க இது, கெழவனுக்கு மை பூசி மாப்பிள்ளன்னு காட்றீங்க?" கடைக்காரரும் சிரித்துவிட்டார்.

சாம்பல் டயரின் பள்ளத்தில் நைனா கட்டைவிரல் நகத்தை விட்டார். நகம் முழுக்க மறைந்தது. அதுவே வாங்கினோம். ஆனால் மூன்றுதான்!

பாவாடைக்காக அம்மாவிடம் திட்டு. கதையைக் கேட்டபின் ஒரு முத்தம்.

பிப். 3, ஞாயிறு

காரிலிருந்து கோழிகளை விரட்டினோம். பின் சீட்டில் முட்டை, 2.

நாலாவது சக்கரத்துக்கு எங்கள் பழைய டயரே. டியூப் இல்லை, உள்ளே வைக்கோல் திணிப்பு. ஓடும், ஆனால் குதிக்கும். எங்கே மாட்டுவது? நைனா பின்பக்கம் என்றார். ஐயோ, அக்கா உட்காருவது அங்கேதானே!

"முன்னாடி இடது பக்கம் போடுங்க நைனா. அங்க பாவாதான் குந்துவாரு."

"ஸ்டீரிங்கு இழுக்கும்டீ." யோசித்தார். "இழுக்கட்டும். புடிச்சிக்கிறேன்."

சோதனை ஓட்டம். பின் சீட்டில் அம்மா, மடியில் சொம்பு நிறைய மோர். முன் சீட்டில் நான். மோர் ஒரு துளி சிந்தவில்லை. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வெற்றி!

பிப். 6, புதன்

பள்ளிக்கூடம் மட்டம். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பினோம்.

அக்காவின் மாமியார் பின் சீட்டைக் கையால் அமுக்கி, தானே ஏறி உட்கார்ந்து பார்த்தார். "ஆங், கூட்டிகினு போங்க."

அக்கா வயிறு என்ன பெரிசு!

வழியெல்லாம் பாவா முன் சீட்டில் பந்து மாதிரி. "பொண்ணுக்கு மெத்த, மாப்பிள்ளைக்கு வைக்கோலா மாமா? யார் யோசன இது?" நான் வெளியே கரும்பைப் பார்த்தேன். அக்கா சிரித்துச் சிரித்து, என் தோளில் சாய்ந்து, அப்படியே தூங்கிவிட்டாள்.

வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு. நைனா திரும்பி அக்காவைப் பார்த்தார். வண்டியை நிறுத்தவில்லை!

"ஏங்க! வூடு இங்க இருக்குது!" அம்மா தட்டோடு பின்னாலேயே ஓடி வந்தாள்.

ஸ்டேஷன் வரை போய்த் திரும்பினோம். அக்கா அசையவில்லை. மறுபடி வாசல், மறுபடி அம்மா. நைனா பாவாவைப் பார்த்தார். பாவா இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தணித்து, "சரி மாமா, இன்னொரு சுத்து."