பரிசீலனையில் உள்ளது

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னியுங்கள். வாண்டு இப்போதுதான் கண்ணயர்ந்தாள். உங்கள் மருமகனுக்கு இந்த வாரம் இரவுப் பணி. எனக்கென்று மிஞ்சுவது இந்த நேரம்தான்.

போனில் சொல்லலாம் என்று பார்த்தேன். உங்கள் உதவியாளர் எடுத்து, "ஐயா கூட்டத்துல இருக்காங்கம்மா" என்கிறார். தப்பித்தவறி நீங்களே எடுத்தால், "சுருக்கமா சொல்லும்மா" என்கிறீர்கள். இதைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

வாண்டுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை, அப்பா. கூப்பிட்டால் திரும்பாததை இத்தனை நாளும் பிடிவாதம் என்று நினைத்தோம். "அப்படியே தாத்தா மாதிரி" என்று சிரித்தும் இருக்கிறோம். காதுக்குள் கருவி பொருத்த வேண்டும் என்கிறார் டாக்டர். ஆபரேஷன் இருபத்தேழாம் தேதி காலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாஷிங் மெஷின் ஓடும்போது அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். நின்றுபோனால் அழுகிறாள். சின்ன வயதில் என்னை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போவீர்களே, ஓடுகிற மோட்டார்மேல் இப்படித்தான் கை வைத்து, "பேரிங் போச்சு, கழட்டுங்கப்பா" என்பீர்கள். ஊரெல்லாம் உங்களை அதிர்வு வாத்தியார் என்றது சும்மா இல்லை. பேத்திக்கு அது எப்படி வந்தது?

நீங்கள் வந்து ஒன்றும் செய்ய வேண்டாம். அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அம்மா இருந்திருந்தால் உங்களைக் கேட்டிருக்க மாட்டேன்.

உங்கள் மகள்


மார்ச் 13

அன்புடையீர்,

தங்களின் 4ஆம் தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றது. மருத்துவம் தொடர்பான தங்கள் கோரிக்கை உரிய பிரிவின் பரிசீலனையில் உள்ளது. முடிவு பின்னர் தெரிவிக்கப்படும்.

(ஒப்பம்)
துணைவேந்தர்


மார்ச் 15

மாண்பமை துணைவேந்தர் அவர்களுக்கு,

கடிதத்தை முதலில் பிரித்தவர் உங்கள் மருமகன். "உங்கப்பா நம்மள வெயிட்டிங் லிஸ்ட்ல போட்டிருக்காரு" என்று நீட்டினார். நானும் சிரித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிகிறவரை சிரித்தேன். அடுப்பைத் துடைக்கும்போதுதான் சிரிப்பு நின்றது.

கையெழுத்து உங்களுடையதுதான். என் பள்ளி மதிப்பெண் அட்டைகளில் போட்ட அதே கையெழுத்து. அவற்றையாவது படித்துவிட்டுப் போட்டீர்களா?

உரிய பிரிவு எதுவென்று சொன்னால் நானே போய் வரிசையில் நின்றுகொள்கிறேன்.

மகள்


மார்ச் 20

அம்மாடி,

உன் இரண்டாவது கடிதத்தை உதவியாளர் பிரிக்காமல் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கு வருகிற தபாலையெல்லாம் அலுவலகம்தான் பிரிக்கிறது. மேலே ஒரு சீட்டில் 'மருத்துவம், கோரிக்கை' என்று குறித்துப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். "அப்பான்னு இருந்ததே, பார்க்கலையா?" என்றேன். "மனு எழுதுற பிள்ளைங்க பாதிப் பேர் உங்கள அப்பான்னுதான் எழுதுறாங்க ஐயா" என்கிறார். அதுவும் உண்மைதான்.

சாயங்காலம் கையெழுத்துக் கோப்பு வரும். ஒருவர் பக்கத்தைப் புரட்டுவார், அவர் விரல் நிற்கும் இடத்தில் நான் போடுவேன். உனக்கு வந்ததையும் அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

துறைத் தலைவர் ஆனபோது ஆய்வகத்துக்குப் பாதி நாள் போனேன். கல்லூரி முதல்வர் ஆனபோது வாரம் ஒருநாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாமல் சாவியை எடுத்துக்கொண்டு போய், பழைய அதிர்வு மேசையைக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு வருகிறேன். விடுதியில் தண்ணீர் இல்லையென்று பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். பம்பில்தான் கோளாறு. போய்த் தொட்டால் எனக்கே தெரிந்துவிடும். துணைவேந்தர் பம்பைத் தொடக்கூடாதாம், குழு போட்டிருக்கிறோம்.

இருபத்தேழாம் தேதிதான் பட்டமளிப்பு விழா. தேதி போன வருடமே குறித்தது. பட்டம் என் கையால்தான் கொடுக்க வேண்டும். என்னால் வரமுடியாதம்மா. இன்னும் மூன்று ஆண்டு பதவியில் இருக்கச் சொல்கிறார்கள், ஏப்ரல் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். யோசிக்கக்கூட அலுப்பாக இருக்கிறது.

குழந்தை மெஷினில் எந்தப் பக்கம் கை வைக்கிறாள்? மேலேயா, பக்கவாட்டிலா? மறக்காமல் எழுது.

அப்பா


ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

மறுபடியும் அகாலத்தில்தான் எழுதுகிறேன். தலையில் கட்டோடு வாண்டு என் மடியிலேயே தூங்குகிறாள். கை மரத்துவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. காத்திருந்தபோது உங்கள் விழாவின் நேரலையை இவர் போனில் வைத்தார். பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் சத்தத்தைக் குறைத்துவிட்டோம். மேலங்கியோடு நின்று ஒவ்வொரு பிள்ளையிடமும் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். வாய் அசைந்தது, முகம் சிரித்தது, ஒரு சொல்கூடத் தெரியவில்லை. வாண்டுக்கு நாமெல்லாம் இப்படித்தான் இருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. உங்கள்மேல் கோபப்பட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதற்குத் தெம்பு இல்லை.

உங்கள் கேள்விக்குப் பதில்: பக்கவாட்டில், இடப்பக்கம், கீழே. குனிந்து வைக்கிறாள். மெஷினைத் திருப்பிப் பார்த்தேன். மோட்டார் அங்கேதான் இருக்கிறது. இதைப் படிக்கும்போது உங்கள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும்.

உள்ளே வைத்த கருவியை இன்னும் இயக்கவில்லை. புண் ஆறி, இருபத்தாறாம் தேதி காலைதான் முதல்முறை ஓட்டிப் பார்ப்பார்களாம். "மொத மொத வீட்டாளுங்க குரலக் கேக்கட்டும், யார் யாரு உண்டோ கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர். யார் யார் உண்டு என்று எண்ணிப் பார்க்க எனக்கு நேரமே ஆகவில்லை.

பதவியில் இருப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். அதில் நான் தலையிடவில்லை. இருபத்தாறுக்கு வருவீர்களா என்பதுதான் என் கேள்வி. வரமுடியாது என்றாலும் சரி, அதை உங்கள் கையால் எழுதுங்கள். பெஞ்சில் உங்களுக்கு இடம் பிடித்து வைத்துக்கொண்டு இன்னொரு முறை கதவைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

உறையின்மேல் துணைவேந்தர் என்று போடவில்லை. ஆய்வக முகவரிதான் போட்டிருக்கிறேன். கதவு பூட்டியிருந்தால் அடியில் தள்ளிவிட்டுப் போகச் சொல்லி எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கதவைத் திறக்கும்போது காலடியில் கிடக்கும்.

பார்த்ததும் சீக்கிரம் பதில் எழுதுங்கள், அப்பா.

உங்கள் மகள்